பையத்லான் முடிவுகளில் நீண்டகாலப் போக்கைக் கண்டுபிடிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பையத்லான் பார்க்கப் பழகிய யாருக்கும் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் ஒரு வாக்குவாதம் வந்துவிடும். ஆண் வீரர்களில் ஓலே ஐனர் பியோர்ன்டாலன் பெரியவரா, மார்ட்டின் ஃபூர்காட் பெரியவரா, யொஹான்னஸ் தீங்னெஸ் போ பெரியவரா? இன்றைய வீரர்கள் முன்பைவிட நன்றாகச் சுடுகிறார்களா, அல்லது வேகமாக மட்டும் சுடுகிறார்களா? பதில் சொல்லத் தேவையான எண்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே அள்ளிவந்து எக்செல்லில் கோடு போட்டால் கோடு அழகாக வரும், உண்மை வராது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் நான் தட்டுத்தடுமாறித்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு நான்கு வரி. முதுகில் துப்பாக்கியோடு பனிச்சறுக்கில் ஓட வேண்டும். நடுநடுவே நின்று 50 மீட்டர் தொலைவில் உள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். 'தனிநபர் பந்தயம்' என்று பெயர் கொண்ட வகையில் மட்டும் சுற்றுக்குப் பதிலாக நேரத்தைக் கூட்டுவார்கள்.

கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பந்தயத்தின் எண்ணை இன்னொரு பந்தயத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குள்ளேயும் ஒப்பிட்டு முடித்துவிட்டு, அந்த ஒப்பீடுகளை ஆண்டுவாரியாக அடுக்குங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள், ஸ்பிரின்டில் தொடங்குங்கள்

'பையத்லான் எப்படி மாறியிருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் கணக்கிட முடியாது. 'ஆண்கள் ஸ்பிரின்டில் முதல் 30 இடம் பிடித்தவர்கள் நின்று சுடும்போது குறி தப்பும் விகிதம் கடந்த 20 பருவங்களில் குறைந்திருக்கிறதா' என்று கேட்டால் கணக்கிடலாம். பாலினம், பந்தய வகை, யார் யார் கணக்கில் வருவார்கள், எத்தனை பருவம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்த பிறகே பதிவிறக்கத்தில் இறங்குங்கள்.

முதல் வேலைக்கு ஸ்பிரின்ட்தான் நல்லது. ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 7.5. ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளம்புவதால் யாரும் யாரோடும் தந்திரம் பண்ண வாய்ப்பு குறைவு. படுத்து ஒருமுறை, நின்று ஒருமுறை, மொத்தம் 10 குண்டு.

பர்சூட் பந்தயத்தில், முந்தைய ஸ்பிரின்டை எவ்வளவு நேர இடைவெளியில் முடித்தார்களோ அதே இடைவெளியோடுதான் கிளம்புகிறார்கள். அதனால் முதலில் கோட்டைத் தொட்டவர் அன்றைக்கு வேகமாக ஓடியவர் என்று சொல்ல முடியாது; நேற்றைய லாபத்தை வைத்து ஜெயித்திருக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் மாஸ் ஸ்டார்ட்டில் 30 பேருக்குத்தான் இடம். அங்கே சராசரி எடுத்தால் அது பொறுக்கியெடுத்த ஆட்களின் சராசரி. ரிலேயில் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூன்று கூடுதல் குண்டு உண்டு, அதை மற்றவற்றோடு கலக்கவே கலக்காதீர்கள்.

2. எந்த ஆவணங்கள் வேண்டும்

சர்வதேச பையத்லான் சங்கத்தின் முடிவுகள் தளம்தான் மூலம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அங்கே பல பிடிஎஃப் கோப்புகள் இருக்கும். புதியவர்கள் இறுதி முடிவுப் பட்டியலை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் இடம், பெயர், நாடு, தவறிய குண்டுகள், மொத்த நேரம் இவ்வளவுதான் உருப்படியாகக் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது பந்தயப் பகுப்பாய்வு என்ற இன்னொரு கோப்பு. ஒவ்வொருவரின் நேரத்தையும் அது துண்டுதுண்டாகப் பிரித்துத் தருகிறது: தடத்தில் ஓடிய நேரம், சுடுதளத்தில் கழிந்த நேரம், சுடும் நேரம், தண்டனைச் சுற்று நேரம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுடுதளத்துக்குள் நுழைந்து, பாய்க்குப் போய், சுட்டு, துப்பாக்கியை மாட்டி வெளியேறும் வரை ஆவது சுடுதள நேரம். சுடும் நேரம் அதற்குள்ளேயே அடங்கியது. இரண்டையும் கூட்டினால் ஒரே நேரத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். ஸ்பிரின்டில் சரிபார்க்க எளிய வழி உண்டு. தட நேரம், சுடுதள நேரம், தண்டனைச் சுற்று நேரம் மூன்றையும் கூட்டினால் மொத்த நேரம் வர வேண்டும். ஒரு வினாடிக்கு மேல் இடித்தால் அந்த வரியைத் தனியே எடுத்துவைத்துப் பாருங்கள்.

பழைய பருவங்களுக்குப் போகப் போகப் பகுப்பாய்வுக் கோப்புகள் அருகிவிடும், முடிவுப் பட்டியல் மட்டும் மிஞ்சும். எனவே தவறிய குண்டுகளை நீண்ட காலத்துக்குத் தொடரலாம். ஓட்ட வேகத்தையும் சுடும் வேகத்தையும் அவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோக முடியாது. கேள்வியை இதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆவணத்தைப் பலர் தொடுவதே இல்லை: அந்தந்தக் காலத்துப் போட்டி விதிப்புத்தகம். அதுவும் இலவச பிடிஎஃப்தான். அது இல்லாமல் நான்காம் படியைத் தாண்ட முடியாது.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பிடிஎஃப்போடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதே எண்களை ஜேசன் வடிவத்தில் வாங்கித்தரும் திறந்தமூலப் பைதான் நிரலகங்கள் இருக்கின்றன. பந்தயக் குறியீட்டுக்குள் பருவம் நான்கு இலக்கமாக வரும் (2023-24 என்றால் 2324), அப்புறம் போட்டி வாரம், பாலினம், பந்தய வகை. ஒரு பருவத்தின் குறியீடு பிடிபட்டால் மற்றவை தானாக வரும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே ஓரிரு வினாடி இடைவெளி விடுங்கள். பந்தயம் நடக்கும் வார இறுதியில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது அந்தத் தளத்தில் ஐரோப்பாவே உட்கார்ந்திருக்கும்.

3. செலவும் நேரமும்

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. தரவு இலவசம், பைதான், ஆர் இரண்டும் இலவசம், லிப்ரே ஆபிஸ் இலவசம். சாதாரண மடிக்கணினியே போதும்; 20 பருவ ஸ்பிரின்ட் முடிவுகளை எந்தப் பழைய கணினியும் தாங்கும்.

நேரம்தான் செலவு. பதிவிறக்கம் ஒரு மாலை வேலை. கணக்கும் வரைபடமும் இன்னொரு மாலை. சுத்தம் செய்வதற்குப் பல வார இறுதிகள் போகும், அதை முன்பே ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். உலகக்கோப்பை என்பது பல ஊர்களில் நடக்கும் பந்தயத் தொடர்; அதன் பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஏப்ரலில் உட்கார்ந்தால் பருவம் முழுமையாக இருக்கும், திருத்தங்களும் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

4. வரைபடத்துக்கு முன்னால் விதிமாற்றப் பட்டியல்

தனியாக ஒரு சின்ன அட்டவணை தயார் செய்யுங்கள். எந்தப் பருவத்தில் எது மாறியது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். பின்னால் வரையும் ஒவ்வொரு வரைபடத்திலும் இந்த ஆண்டுகளில் செங்குத்துக் கோடு விழ வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள எண்கள் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு வேறு படியால் அளந்த அரிசியை ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

என் அட்டவணையில் உள்ள முக்கியமானவை இவை. உலகக்கோப்பை 1977-78 பருவத்தில் தொடங்கியது. 1978 முதல் சிறுதோட்டாத் துப்பாக்கி, 50 மீட்டர் தொலைவு; அதற்கு முன் இருந்தது பெருந்தோட்டா, அது வேறு விளையாட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1980களின் நடுவில், பனிச்சறுக்குக் கட்டையைப் பக்கவாட்டில் உந்தி ஓடும் ஸ்கேட்டிங் முறை வந்து ஓட்ட வேகம் ஒரே தாவலில் எகிறியது. பெண்கள் ஸ்பிரின்ட் 1988-89 வரை 5 கிலோமீட்டர்தான், அந்தப் பருவத்தில் 7.5 ஆனது, தனிநபர் பந்தயம் 10லிருந்து 15 ஆனது. பர்சூட் உலகக்கோப்பைக்கு வந்தது 1996-97இல், மாஸ் ஸ்டார்ட் 1998-99இல். ஒருவரின் 'மொத்த வெற்றிகள்' என்ற எண்ணை ஒப்பிடும்போது இந்த இரண்டையும் மறக்கக் கூடாது: பந்தய வகை கூடியபோது ஜெயிக்கும் வாய்ப்பும் கூடியது.

அண்மைக் காலத்தில் மூன்று. 2019-20 பருவம் பெருந்தொற்றால் முழுதாக முடியாமலே நின்றது. அடுத்த பருவத்தில் கொன்தியோலாஹ்தி, ஹோக்ஃபில்சன், ஓபர்ஹோஃப், நோவே மியெஸ்டோ ஆகிய இடங்களில் இரண்டிரண்டு வாரம் போட்டி நடத்தினார்கள். 2022 மார்ச்சில் ரஷ்யாவும் பெலாரூஸும் வெளியேற்றப்பட்டன. 2023-24 முதல் பனிச்சறுக்குக் கட்டையில் பூசும் ஃபுளோரின் மெழுகுக்குத் தடை.

இவற்றில் ரஷ்யா, பெலாரூஸ் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலமான இரண்டு அணிகள் இல்லாமல் போனால் மற்றவர்களின் இடம் தானாக மேலே ஏறும், யாரும் முன்னேறியிருக்க வேண்டியதில்லை. 2022க்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டுமென்றால், முந்தைய பருவங்களிலிருந்தும் அந்த நாட்டு வீரர்களை நீக்கிவிட்டு இடங்களை மறுபடி எண்ணுங்கள். ஒலிம்பிக் முடிவுகளை உலகக்கோப்பையோடு சேர்ப்பதிலும் இதே சிக்கல். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு பந்தயத்தில் 4 பேருக்கு மேல் கிடையாது. நார்வேயின் ஐந்தாவது ஆள் உலகக்கோப்பையில் மேடை ஏறியிருப்பார், ஒலிம்பிக்கில் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்.

5. சுத்தம் செய்தல்

பெயர்களில் தொடங்குங்கள். போ என்ற குடும்பப் பெயரில் தார்யெய், யொஹான்னஸ் என்று அண்ணன் தம்பி இருவர். குடும்பப் பெயரை வைத்து வடிகட்டினால் இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். நார்வே எழுத்துகளை ஒரு கோப்பில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். பெயர் மாறியவர்களும் உண்டு. செக் வீராங்கனை கப்ரியேலா சௌகலோவா 2015-16இல் உலகக்கோப்பையை வென்றார்; திருமணத்துக்குப் பின் அவர் கௌகலோவா. மார்த்தே ஊல்ஸ்பு பின்னாளில் மார்த்தே ஊல்ஸ்பு ரோய்செலான்ட். பெயரை நம்பாமல் சங்கம் கொடுத்துள்ள வீரர் எண்ணை வைத்தே இணையுங்கள். நாடு, பாலினம், பிறந்த தேதி அந்த எண்ணுக்குள்ளேயே இருப்பதால் வயதுக் கணக்குக்கும் அது உதவும்.

அடுத்தது நேரம். 24:15 என்பதை எக்செல் இருபத்து நாலு மணி பதினைந்து நிமிடம் என்று படிக்கும். பின்னால் பத்தில் ஒரு வினாடி இருந்தால் சரியாகப் படிக்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் தலைவலிதான். எல்லா நேரத்தையும் எழுத்தாக உள்ளே கொண்டுவந்து, நீங்களே வினாடியாக மாற்றுங்கள். சில நெடுவரிசைகளில் இருப்பது மொத்த நேரமில்லை, முதல்வருக்குப் பின்னால் எவ்வளவு என்ற இடைவெளி. முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

தனிநபர் பந்தயத்தின் மொத்த நேரத்துக்குள் ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம் என்ற தண்டனை ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் ஓட்ட வேகம் கணக்கிடாதீர்கள். அண்மையில் வந்த குறுகிய தனிநபர் பந்தயத்தில் தண்டனை 45 வினாடி. இரண்டுக்கும் ஒரே சூத்திரம் போட்டால் பிழை வரும்.

கிளம்பாதவர், முடிக்காதவர், தகுதிநீக்கமானவர் என்ற வரிகளை அழிக்காமல் தனி அடையாளம் போட்டு வைத்திருங்கள். எல்லாக் கோப்பிலும் பதிவிறக்கிய தேதியையும் எழுதுங்கள். முடிவுகள் பல ஆண்டு கழித்தும் மாறும். 2010 வான்கூவர் ஒலிம்பிக் மாஸ் ஸ்டார்ட் தங்கம் ரஷ்யாவின் எவ்கேனி உஸ்த்யுகோவிடமிருந்து ஊக்கமருந்து வழக்கின் முடிவில் பறிக்கப்பட்டு, ஃபூர்காடுக்குப் போனது 2025இல். உங்கள் பழைய கோப்பில் ஃபூர்காட் இன்னும் வெள்ளியோடு நிற்பார்.

6. கணக்கு

ஓட்டத்துக்கு: ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் 30 இடம் பிடித்தவர்களின் தட நேரத்துக்கு இடைநிலை அளவு (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) எடுங்கள். ஒவ்வொருவரின் தட நேரத்தையும் அதால் வகுங்கள். இடைநிலை 1320 வினாடி, ஒருவர் 1287 வினாடி என்று வைத்துக்கொள்வோம், அவருக்கு 0.975, அதாவது மற்றவர்களைவிட 2.5 சதவீதம் வேகம். அன்றைக்குப் பனி ஈரமா காய்ந்ததா, தடம் சரியாக 10 கிலோமீட்டர்தானா, அன்தோல்ஸ் மாதிரி 1600 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கியதா என்பதெல்லாம் இந்த வகுத்தலில் கழிந்துவிடும். பெயருக்கு 10 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் தடத்தின் உண்மையான நீளம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் 'சராசரி வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் கூடியிருக்கிறது' என்ற வரைபடங்களை நான் நம்புவதில்லை.

இந்த முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. எல்லோருமே சேர்ந்து வேகமானால் இது காட்டாது. யார் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும். என் கணிப்பில், காலம் கடந்த ஒப்பீட்டுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான்.

சுடுவதற்கு: படுத்துச் சுடுவதையும் நின்று சுடுவதையும் கட்டாயம் தனித்தனியாக வையுங்கள். இலக்கு இரண்டரை மடங்கு பெரிதாக இருந்தும் நின்று சுடும்போதுதான் அதிகம் தவறுகிறது. இரண்டையும் கலந்தால், ஒன்று ஏறி மற்றொன்று இறங்கியது தெரியாமலே போகும். சுடும் நேரம் இன்னொரு நெடுவரிசை. அதையும் குறி தப்பும் விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

காற்றை வகுத்தலால் கழிக்க முடியாது. ஓபர்ஹோஃபில் மூடுபனியும் காற்றும் வந்தால் நல்ல சுடுநர்களும் வரிசையாகத் தண்டனைச் சுற்றில் நிற்பார்கள். ஒரு பருவத்தில் ஓபர்ஹோஃப் இருமுறை வந்து அடுத்த பருவத்தில் வராமல் போனால் 'சுடும் திறன் உயர்ந்தது' என்று எண்கள் சொல்லும். இடத்தை ஒரு நெடுவரிசையாக வைத்து, எல்லாப் பருவத்திலும் பொதுவாக உள்ள இடங்களை மட்டும் எடுத்து இன்னொரு தடவை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் நான் எழுதுவேன்.

7. அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கணக்கு

நூற்றுக்குத் தொண்ணூறு குறி தப்பாத ஒருவர் ஸ்பிரின்டில் பத்தையும் வீழ்த்துவதற்கான நிகழ்தகவு 35 சதவீதம்தான். 85க்கு அது 20 ஆகிவிடும், 95க்கு 60. நான்கு முறை சுடும் பந்தயத்தில் 90 சதவீதக்காரர் இருபதையும் வீழ்த்துவது எட்டுப் பந்தயத்தில் ஒருமுறை. ஆகவே ஒரு பந்தயத்தை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள்.

ஒரு முழுப் பருவம் என்றாலும் ஒருவர் சுடுவது சுமார் 300 முதல் 400 குண்டு. 300 குண்டுக்கு 85 சதவீதம் என்றால் திட்டப் பிழை, அதாவது தற்செயலால் மட்டுமே வரக்கூடிய ஏற்ற இறக்கத்தின் அளவு, ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி. போன பருவம் 84, இந்தப் பருவம் 87 என்று ஒருவர் ஏறினால், பயிற்சியாளர் மாற்றினார், துப்பாக்கியின் அடிக்கட்டையை மாற்றினார் என்று கதை கட்டத் தோன்றும். அது வெறும் குலுக்கலாகவும் இருக்கலாம். தனி ஆள் போக்குக்குக் குறைந்தது மூன்று பருவ நகரும் சராசரி எடுங்கள். முதல் 30 பேரைச் சேர்த்துப் பார்த்தால் குண்டுகளின் எண்ணிக்கை கூடும், போக்கு நம்பத்தக்கதாக ஆகும்.

8. புள்ளிகளை ஒரே அளவுகோலுக்கு மாற்றுங்கள்

உலகக்கோப்பைப் புள்ளிகளை நேராக ஒப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2000-01 முதல் வெற்றிக்கு 50, இரண்டாமிடத்துக்கு 46. 2008-09 முதல் 60, 54. 2022-23 முதல் 90, 75. இரண்டாமவருக்குக் கிடைப்பது வெற்றியாளரின் 92 சதவீதம், பிறகு 90, பிறகு 83. நிலையாக மேடை ஏறுபவருக்கு முன்பு கிடைத்த சலுகை குறைந்து, அடிக்கடி ஜெயிப்பவருக்கு இப்போது கூடியிருக்கிறது. இதோடு, சில பருவங்களில் மோசமான சில முடிவுகளைக் கழித்தார்கள்; முன்பெல்லாம் உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களின் புள்ளிகளையும் சேர்த்தார்கள், 2022-23 முதல் சேர்ப்பதில்லை.

வழி எளிது: இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாப் பருவத்துக்கும் ஒரே புள்ளி அட்டவணையைப் போடுங்கள். பயிற்சிக்கு 2017-18 பெண்கள் பருவம் நல்ல உதாரணம். காய்சா மாகாராய்னன் அனஸ்தாசியா குஸ்மினாவை 3 புள்ளியில் முந்திய பருவம் அது. 90, 75 அட்டவணையில் போட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

9. சாளரத்தை நகர்த்திப் பாருங்கள், பிறகு வெளியிடுங்கள்

பருவம் முழுவதற்குமான உலகக்கோப்பையை வென்றவர்களைப் பாருங்கள். 2011-12 முதல் 2023-24 வரை 13 பருவம். ஆண்களில் ஃபூர்காட் தொடர்ந்து ஏழு முறை, யொஹான்னஸ் போ ஐந்து முறை, இடையில் ஒரே ஒருமுறை கான்தன் ஃபியோன் மாயே. மூன்றே பெயர். அதே 13 பருவத்தில் பெண்களில் 11 பெயர். 'ஆண்கள் பையத்லானில் ஆதிக்கம், பெண்கள் பையத்லானில் போட்டி' என்று தலைப்புப் போடக் கை துறுதுறுக்கும். சாளரத்தை, அதாவது எடுத்துக்கொண்ட ஆண்டுகளை, பின்னால் தள்ளுங்கள். 1996-97 முதல் 2001-02 வரை ஆறு பருவமும் ஸ்வீடனின் மக்தலேனா ஃபோர்ஸ்பெர்க் ஒருவரே. பெண்கள் பையத்லானின் இயல்பு என்று நினைத்தது அந்தப் பதிமூன்று பருவத்தின் இயல்பாகக் கூட இருக்கலாம். தொடக்க ஆண்டை ஐந்து முன்னும் பின்னும் நகர்த்தினால் கரைந்துபோகும் போக்கை வெளியிடாதீர்கள்.

வெளியிடும்போது வரைபடத்தின் அடியில் நான்கு விஷயம் போடுங்கள்: எந்தப் பந்தய வகை, எத்தனை பேர், எந்தெந்தப் பந்தயங்கள் விடுபட்டன, தரவு இறக்கிய தேதி. எண்களை மொத்தமாக வேறு இடத்தில் ஏற்றுவதாக இருந்தால் தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைகளை முதலில் படியுங்கள். மூலக் கோப்புகளைத் தொடாமல் ஒரு கோப்புறையிலும், திருத்தியவற்றை வேறொன்றிலும் வைத்துக்கொண்டால் அடுத்த ஏப்ரலில் புதுப் பருவத்தைச் சேர்க்க ஒரு மாலை போதும்.